நாலாம் பக்கத்துப் பெயர்

கோம்பை
6-2-2005

அன்பு மருமகள் அனுசுயாவுக்கு உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, நம் நாய் ஆகிய மூன்று உயிரும் சுகம். கோயம்புத்தூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? உன்னை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக ஆக்கிவிட்டார்கள் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் ஆக்கவில்லையென்றால் சீக்கிரம் ஆகிக்கொள்.

போன வாரம் நம் நாய் ஒரு சிறுத்தையை மலையடிவாரம் வரை விரட்டிவிட்டு வந்தது. பூனை என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள். ஊர்த் திருவிழாவுக்கு நான் சாம்பார் வைத்தேன். பதான்கோட் முகாமில் ஒரு ஜெனரல் என் சாம்பாரைக் குடித்துவிட்டுக் கண் கலங்கியதை முன்பே எழுதியிருக்கிறேன். இங்கே நானூறு பேர் கலங்கினார்கள்.

உன் அத்தையைக் கேட்டாயே, அவள் மகாராணி ஆகிவிட்டாள். முதுகுக்கு மூன்று தலையணை அண்டக் கொடுத்து, உட்கார்ந்த வாக்கில்தான் தூங்குகிறாள். கால் இரண்டும் பெரிய வீட்டுப் பெண்கள் கால் மாதிரிப் பூரித்துவிட்டது. மெட்டியைக் கழற்ற முடியவில்லை. மாடிப் படி பதினொன்று. ஐந்தாவது படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊரை ரசித்துவிட்டுத்தான் மேலே போகிறாள். ஓய்வு பெற்ற ராணுவ வீரனின் மனைவி என்றால் சும்மாவா?

வேறு விசேஷமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் மாமன்
லான்ஸ் நாயக் (ஓய்வு) ஒச்சாண்டி
போர் கண்டவன்

*

கோயம்புத்தூர்
14-2-2005

அன்புள்ள மாமாவுக்கு, அனுசுயா வணக்கம். நான் நலம். தலைமை நர்ஸ் ஆகவில்லை. ஆனால் இதய வார்டில் ஆறு வருஷமாக இருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தையின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகு குழி நிற்கிறதா? படுத்தால் இருமுகிறார்களா? ஐந்தாவது படியில் ஊரை ரசிக்கிறார்களா, மூச்சு வாங்குகிறார்களா? இருந்ததை இருந்தபடி எழுதுங்கள். அத்தையை உடனே மதுரைக்குக் கூட்டிப்போய் இதயத்துக்கு ஸ்கேன் எடுங்கள். சோற்றில் உப்பைக் குறையுங்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட விடாதீர்கள்.

அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவிவிட்ட கை அது. மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்
அனுசுயா

*

கோம்பை
9-3-2005

மருமகளுக்கு மாமனின் ஆசீர்வாதம். அங்கே குளிர் விட்டதா? நாய் சுகம்.

நீ சொன்னபடி அழுத்தினேன். குழி விழுந்தது. பட்டாளத்துக் கை அல்லவா, அந்தப் பலத்துக்கு விழத்தான் செய்யும். நான் ஒரு பீடி குடித்து முடிக்கிற வரை அந்தக் குழி அப்படியே இருந்தது. பிறகு நானே தடவி விட்டேன்.

மதுரையில் பெரிய டாக்டர் என்னைப் பார்த்ததும், “நீங்க மிலிட்டரிதானே?” என்றார். நடையிலேயே தெரிந்துவிட்டதாம். ஸ்கேனைப் பார்த்தார். இதயத்துக்குள் கதவு மாதிரி ஒரு வால்வு இருக்கிறதாம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அது ஒட்டிப்போய், இப்போது ஒருக்களித்துத்தான் திறக்கிறதாம். புதுக் கதவு போட வேண்டும். ஆறு மாதம், மிஞ்சிப்போனால் எட்டு மாதம் தாங்கும் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உப்பில்லாத சமையலில் ஒரு புது வித்தை கண்டுபிடித்திருக்கிறேன். புளியைச் சுட்டு ஊற்றினால் நாக்கு உப்பைத் தேடாது. அவளுக்குத் தனியாக, எனக்குத் தனியாக என்று இரண்டு சட்டி வைப்பதில்லை. எனக்கும் அதுவே ருசியாக இருக்கிறது.

லான்ஸ் நாயக் (ஓய்வு) ஒச்சாண்டி

*

கோயம்புத்தூர்
17-3-2005

அன்புள்ள மாமாவுக்கு, நலம், நலமே வேண்டுகிறேன். அத்தைக்கு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

ஒரு நல்ல செய்தி. இரண்டு வருஷமாக முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறது. பென்ஷன் வாங்குகிறவருக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு அட்டை. அது இருந்தால் மதுரையிலேயே ஆபரேஷன் செலவு முழுவதும் அரசு பார்த்துக்கொள்ளும். விண்ணப்பம் கொடுத்த ரசீது கையில் இருந்தாலே போதும். அட்டை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இருபது வருஷம் பட்டாளத்து அடுப்படியில் வெந்ததற்கு இது உங்கள் உரிமை. இதை விட்டால் நம் இருவருக்கும் வேறு வழி கிடையாது, அதுவும் உங்களுக்குத் தெரியும்.

தேனி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தலைமை எழுத்தர் வைகுண்டராஜ் என்பவரிடம் பேசிவிட்டேன். உங்கள் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்
அனுசுயா

*

கோம்பை
2-5-2005

மருமகளுக்கு, மாமன் நலம், அத்தை நலம். கடிதம் போடத் தாமதம். இங்கே ஒரே வேலை. பஞ்சாயத்துக்காரர்கள் என்னைக் கேட்காமல் ஒரு குழாய்கூடப் போடுவதில்லை.

அட்டையெல்லாம் நோஞ்சான் ஆட்களுக்கு என்று எனக்குள் ஒரு எண்ணம். இருந்தாலும் நீ சொன்னதால் ஜெராக்ஸ் அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் கரையான் தின்றுவிட்டது. முக்கியமான பக்கம் இல்லை. நம் தெருவில் எல்லார் வீட்டிலும் கரையான்.

மதுரை டாக்டரிடம் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லலாமா? மாத்திரையிலேயே சரியாகிவிடாதா?

ஒச்சாண்டி

*

கோயம்புத்தூர்
10-5-2005

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். மாத்திரையில் கதவு திறக்காது.

ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறாம் பக்கங்கள் வந்தன. மூன்றிலும் ஐந்திலும் ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லை. நடுவில் இருக்கிற நாலாம் பக்கத்தை மட்டும் தின்கிற கரையானை நான் பார்த்ததில்லை. அது குடும்ப விவரம் எழுதுகிற பக்கம். அத்தையின் பெயர் அதில்தான் இருக்கும்.

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. வருகிற 23-ந் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீங்களும் அத்தையும் அலுவலகத்துக்கு வருவீர்கள் என்று வைகுண்டராஜ் சாரிடம் சொல்லியாகிவிட்டது. அசல் புத்தகத்தோடு போங்கள். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டது.

அனுசுயா

*

கோம்பை
29-5-2005

மருமகளுக்கு, சுகம்.

திங்கட்கிழமை தேனி போனோம். நான் உள்ளே நுழைந்ததும் வைகுண்டராஜ் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். நாற்காலி போட்டார். காபி வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சின்னதாக ஓர் எழுத்து வேலை மட்டும் பாக்கி இருக்கிறது; ரசீது அதற்கப்புறம்.

உன் அத்தை குச்சனூர் சனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு மௌன விரதம் இருக்கிறாள். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் பக்கத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். சோறு போட்டால் தின்கிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. விரதம் அவ்வளவு கடுமை.

நாய்கூட இந்த வாரம் குரைக்கவில்லை.

ஒச்சாண்டி

*

கோம்பை
3-6-2005

என் ஆத்தா அனுசுயாவுக்கு அத்தை மூக்கம்மாள் சொல்லச் சொல்ல, சத்துணவுக்கூடத்து ஜக்கம்மா எழுதுவது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ராத்திரி டூட்டி என்றால் பகலில் தூங்கிவிடு.

தேனி ஆபீசில் அந்த ஐயா புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னையும் ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாக. “பொண்டாட்டி பேரு கஸ்தூரின்னுல்ல இதுல போட்டிருக்கு. இவுக யாரு?” என்றாக. உன் மாமன் வாயே திறக்கவில்லை. அந்த வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு உன் மாமன் மேல் கோபம் கிடையாது. கல்யாணமான பிறகு பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்தில் ஒரு மாதம்தான் எனக்கு. பாக்கிப் பதினோரு மாதம் ஒருத்தி அவருக்குத் துணி துவைத்துப் போட்டிருந்தால், அவளுக்கும் பாத்தியதை உண்டு. சர்க்கார் புத்தகத்தில் இருப்பது அவள் பேர். அவள் அட்டையில் நான் வைத்தியம் பார்த்துக்கொள்ள மாட்டேன். அது அடுத்தவள் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி.

நீ விசாரித்து அவள் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடி. சீக்குக்காரியாக இருந்தால் அட்டையை அவளுக்கு வாங்கிக்கொடு. அவளுக்குப் பிள்ளை இருந்தால் ஒரே ஒரு தடவை என் கண்ணில் காட்டு. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

மாமனைத் திட்டி எழுதாதே. உப்பில்லாத சோற்றை அவரும்தான் தின்கிறார்.

உன் அத்தை

*

கோயம்புத்தூர்
8-6-2005

மாமா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை. அத்தை எனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படியுங்கள்.

கஸ்தூரி யார்? சிறுத்தை வேண்டாம், ஜெனரல் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். என்னவாக இருந்தாலும் நான் உங்கள் மருமகள்தான்.

அனுசுயா

*

கோம்பை
15-6-2005

மருமகளே,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுதினால் பேனா தானாக எங்கேயோ போகிறது.

கஸ்தூரி என்று யாரும் இல்லை. குச்சனூர்க் கோயில் கற்பூரத்தில் அடித்துச் சொல்கிறேன், அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை.

1969-ல் கல்யாணம் முடித்து லீவு முடிந்து போனேன். ரயில் இறங்கின நாளிலிருந்து கூடாரத்தில் ஒரே அளப்பு. என் பெண்டாட்டி பட்டணத்துப் பெண், பியூசி படித்தவள், பாட்டுப் பாடுவாள் என்று நான் விட்டது கொஞ்சநஞ்சமில்லை. நாலைந்து நாள் கழித்துக் குடும்ப விவரம் எழுத மலையாளத்து ஹவில்தார் கிளார்க் கூடாரத்துக்கே வந்தார். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். “பறயூ ஒச்சாண்டி, பாரியயுடெ பேரு?” என்று மனைவி பேரைக் கேட்டார்.

இரண்டு நாள் முன்னால்தான் பிச்சையம்மாள் என்று பெண்டாட்டி பேரைச் சொன்ன ஒருத்தனுக்கு, யாரோ அதை இந்தியில் அர்த்தம் பண்ணிச் சொல்ல, முகாமே அவனைப் பிச்சைக்காரன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் என்று நான் சொன்னால் என்ன ஆகும்? இந்தியில் மூக்குக்கு நாக். சாகிற வரை நாக்வாலா என்று கூப்பிடுவார்கள். எதிரே என் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. வெயில் கொப்புளத்துக்குப் போட உன் அத்தை கட்டிக்கொடுத்த கஸ்தூரி மஞ்சள் பொட்டலம் மேலாக இருந்தது. “கஸ்தூரி” என்றேன். “நல்ல பேரு” என்று சொல்லி அவர் எழுதிக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாளே போய்த் திருத்தியிருக்கலாம். திருத்தினால் பொய்யன் என்று தெரிந்துவிடும். பிறகு மறந்தேபோனேன். பென்ஷன் என் பேரில்தானே வருகிறது, நாலாம் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? நீ அட்டை என்று எழுதின அன்றுதான் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

உன் அத்தைக்கு மூக்கம்மாள் என்கிற பேர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. அவளுக்கு முன்னால் மூன்று பிள்ளை பிறந்து பிறந்து தவறிப்போனது. நாலாவதாக வந்த இவளும் போய்விடக் கூடாது என்று, பிறந்த பதினோராம் நாள் மூக்குக் குத்தி, மூக்கம்மாள் என்று பேர் வைத்தார்கள். உயிர் தங்குவதற்காக வைத்த பேர் அது. அதைத்தான் நான் பத்துப் பேர் சிரிப்புக்குப் பயந்து மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அவள் உயிருக்கு அட்டை கேட்டால் அவள் பேர் இல்லை என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை உனக்குப் போடுவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முடித்ததும், இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி விரலால் சைகை காட்டினாள். வாசித்தேன். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

ஒச்சாண்டி

*

கோயம்புத்தூர்
22-6-2005

அன்புள்ள மாமாவுக்கு, அனுசுயாவின் வணக்கம். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகுண்டராஜ் சாரிடம் கேட்டேன். இப்படி வருகிற முதல் ஆள் நீங்கள் இல்லையாம். உத்தமபாளையத்தில் வக்கீலை வைத்து உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து அவர் ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புவார். எழுத்துப்பிழை என்று போட முடியாதா என்று கேட்டேன். எழுதியவர்கள் மேல் பழி போடுகிற மாதிரி ஆகும், நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்றார்.

பத்திரிகையை ஊர் படிக்கும், மாமா. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்
அனுசுயா

*

கோம்பை
18-9-2005

மருமகள் அனுசுயாவுக்கு மாமன் எழுதுவது. இங்கே மழை. உன் அத்தைக்கு இருமல் கூடியிருக்கிறது, கால் வீக்கம் முழங்கால் வரை. இது இருந்தபடி எழுதியது.

பத்திரம் ஜூலையிலேயே முடிந்தது. வக்கீல் இங்கிலீஷில் அழகாகச் சுற்றி வளைத்து எழுதியிருந்தார். தமிழில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்றேன். விளம்பரம் ஒரு புதன்கிழமை வந்தது. கர்ணன் டீக்கடையில் பேப்பர் ஆறு மணிக்கு வரும். வேறு எவனாவது கண்டுபிடித்து வாசிப்பதற்குள், நானே பெஞ்சில் நின்று சத்தமாக வாசித்தேன். “என் மனைவியின் உண்மைப் பெயர் மூக்கம்மாள். ராணுவப் பதிவேட்டில் கஸ்தூரி என்று இருப்பது நான் பொய்யாகச் சொன்னது. இரண்டு பேர் இல்லை, ஒருவர்தான்.”

“என்ன மாமோய், இருந்த ரெண்டு பொண்டாட்டியில ஒண்ண பேப்பர்ல போட்டுக் கழிச்சுட்டீகளா?” என்றான் கர்ணன். கடையே சிரித்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு பெஞ்சிலிருந்து இறங்கினேன். மூன்று நாள் நான் தெருவில் போனால், “ஏலே, கஸ்தூரி புருசன் வர்றாரு” என்று சத்தம்.

நாலாம் நாள் உன் அத்தை குடையை ஊன்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். “எவன்டா எம் புருசனக் கேலி பண்றது? அந்தாளு சொன்ன பொய்ய அந்தாளே ஒத்துக்கிட்டாக. ஒங்கள்ல எவனாச்சும் ஒருத்தன் சொன்ன பொய்ய பேப்பர்ல போடுவீகளாடா?” என்றாள். மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கர்ணன் ஓடிவந்து ஸ்டூல் போட்டான். உட்காரவில்லை. என்னைப் பார்த்து, “வாங்க வீட்டுக்கு” என்றாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் என்னோடு பேசின முதல் வார்த்தை.

நேற்று ரெக்கார்ட் ஆபீஸ் கடிதம் வந்து, வைகுண்டராஜ் ரசீது கொடுத்துவிட்டார். அவர் எழுந்து நிற்கவில்லை. காபியும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. ரசீதில் மூக்கம்மாள் என்று இருக்கிறது. தேனி பஸ் ஸ்டாண்டில் நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஒச்சாண்டி

*

கோம்பை
8-1-2006

என் மருமகள் அனுசுயாவுக்கு, மாமனும் அத்தையும் சேர்ந்து நலம். தை பிறக்க ஆறு நாள் இருக்கிறது. நீ வந்து பத்து நாள் இருந்து பார்த்துக்கொண்டதை ஊரே பேசுகிறது. நானும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பரில் மதுரையில் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு அதற்கு முந்தின புதனுக்கே மாற்றிவிட்டார்கள். நீ வருவதற்குள் முடிந்துபோனது. போனில் “முடிஞ்சது, நல்லாருக்கா” என்று மட்டும் சொன்னேன். நீ வந்த பிறகு அவள் எதிரே சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் நர்ஸ் வந்து நகையெல்லாம் கழற்றச் சொன்னாள். உன் அத்தை தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். மெட்டியைச் சோப்புப் போட்டு உருவினாள். மூக்குத்தியைத் தொட்டதும் கை நின்றுவிட்டது. வளையம் மாறியிருக்கிறது, கல் மாறியிருக்கிறது. ஆனால் பிறந்த பதினோராம் நாளிலிருந்து ஐம்பத்தைந்து வருஷமாக அந்த மூக்கு வெறும் மூக்காக இருந்ததில்லை. டாக்டர் உள்ளே காத்திருக்கிறார், நர்ஸ் கெஞ்சுகிறாள். நான் என்ன சொல்வேன்? சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கடைசியில் அவளே மூக்குத்தியின் திருகைக் கழற்றினாள். என் வலது கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். “ஒரு தடவ எம் பேரத் தொலச்சீக. இது ஒங்க கையிலயே இருக்கட்டும். தொலச்சிராதீக” என்றாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாலரை மணி நேரம் அந்தக் கையை நான் திறக்கவில்லை. டீ குடிக்கவில்லை. மூக்கு அரித்தது, இடது கையால் சொறிந்தேன். ரத்தம் ஏற்றுவதற்கு ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவைப் பிடிக்கக் கை திறக்க வேண்டும். இடது கட்டைவிரலை நீட்டி, ரேகை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “மிலிட்டரின்னு சொன்னீங்க, எழுதத் தெரியாதா?” என்று கேட்டாள் அந்தப் பெண். “தெரியாதும்மா” என்றேன்.

மத்தியானம் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, “மூக்கம்மாளுக்கு யாரு வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். வராந்தாவில் முப்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கண் முழித்ததும் முதலில் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “கஸ்தூரி வந்துட்டுப் போனாளா?” என்றாள். நான் அழுதேன். டாக்டர் என் தைரியத்தைப் பாராட்டினார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பாராட்டவில்லை. அழக் கூடாது, வெளியே போய் நில்லுங்கள் என்றார்.

இப்போது ஒரே தலையணை. நேற்றுப் பதினொரு படியும் ஏறினாள், ஐந்தாவது படியில் நிற்காமல். சோற்றில் ஒரு சிட்டிகை உப்புப் போடலாம் என்று நீ சொன்னாயே, போட்டேன். அதிகம் என்று திட்டினாள்.

கண் முழித்து வேலை பார்க்கிறவள், உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு
மூக்கம்மாள் புருஷன்
ஒச்சாண்டி